இடப்பக்க யூ போல்ட்

இரண்டிரண்டு கார்களாக நேர்த்தடத்தில் ஓடும் பந்தயத்தின் இறுதிப் போட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் இருந்தன. ரோவீனா தன் நோவா காரின் பின்சக்கரங்களில் காற்று சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கொட்டகையில் வெல்டனின் கமாரோ கார் ஜாக்கியில் ஏறி நின்றது. காலையில் வந்த நாற்பது வண்டிகளில் மிஞ்சியவை இந்த இரண்டும்தான்.

"குட்டி, உன்கிட்ட ரப்பர் கட்டை ஒண்ணு இருக்குமா?" காருக்கு அடியிலிருந்து வெல்டனின் குரல் வந்தது. "வலது பக்கத்துது பிஞ்சு எங்கயோ போயிடுச்சு."

"இருக்கு. எடுத்துட்டு வரேன்."

ரோவீனாவின் அண்ணன் ட்வெய்ன் மடக்கு நாற்காலியில் சாய்ந்து எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தான். "கொடு, கொடு. அப்படியே கோப்பையையும் பளபளன்னு தொடச்சு அவர் கையில கொடுத்துட்டு வந்துடு."

"யாராச்சும் இவன் வாய்க்கு ஒரு ட்ராக்ஷன் பார் மாட்டுங்கப்பா," என்றாள் வெல்டனின் மனைவி மார்லிஸ். "ரொம்பத் துள்ளுது."

ட்வெய்னும் சிரித்தான். அந்த ஓடுதளத்தில் எல்லாரும் அப்படித்தான். எதிராளி கேட்டால் தங்கள் வண்டியிலிருந்தே கழற்றிக்கூடக் கொடுப்பார்கள். எதிர் வண்டி தொடக்கக் கோட்டுக்கு வர முடியாமல் போய் நீ ஜெயித்தால் அதை யாரும் ஜெயிப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. முதலில் அவனை ஓட வை, பிறகு அவனைத் தோற்கடி. இரண்டு வருடம் முன்பு இதே இறுதிப் போட்டியில் ரோவீனாவின் கார்புரேட்டர் ஒழுகியபோது வெல்டன்தான் மண்டியிட்டுச் சரிசெய்தார். பிறகு அவளைத் தோற்கடித்தார். பிறகு பன்றி இறைச்சி சாண்ட்விச் வாங்கிக் கொடுத்து, "உன் வண்டி என்னுதைவிட நல்ல வண்டி," என்றார்.

அது அவள் தோற்ற இரண்டாவது இறுதிப் போட்டி. போன வருடம் தோற்றது மூன்றாவது. மைக்கில் பேசுகிற ஸ்டப்ஸ் அவள் பெயரை அறிவிக்கும்போதெல்லாம் "நம்ம நிரந்தர ரெண்டாமிடம்" என்று சேர்த்துக்கொள்வார். கூட்டம் அன்போடுதான் சிரிக்கும். அந்த அன்பு அவளுக்கு வீடுவரை வலிக்கும்.

அவள் ரப்பர் கட்டையோடு கமாரோவுக்கு அடியில் மல்லாந்து நுழைந்தாள். வெல்டனுக்குத் தோள் பெரியது. அவர் வெளியே வந்து அவளுக்கு இடம் விட்டார்.

"இந்த ட்ராக்ஷன் பாரை வியாழக்கிழமை சாயங்காலம்தான் மாட்டினோம்," என்றார், அவள் காலருகே குந்திக்கொண்டு. "வலது பக்கம் நான், இடது பக்கம் மார்லிஸ். என்னைவிட வேகமா முடிச்சுட்டா."

"வேகமா மட்டும் இல்ல, சுத்தமாவும்," என்றாள் மார்லிஸ்.

பார்கள் புதியவை. கறுப்பு வண்ணம் இன்னும் உரியவில்லை. இந்த மாதிரிப் பழைய காரில் பின்சக்கர அச்சான ஆக்ஸில் இரண்டு பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக மிதித்தால் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும், பட்டைகள் வளையும், டயர்கள் தரையைப் பிடிக்காமல் குதிக்கும். அந்த முறுக்கைத் தடுக்கத்தான் ட்ராக்ஷன் பார் என்கிற இரும்புச் சட்டம். ஆக்ஸிலுக்குக் கீழே யூ வடிவ போல்ட்டுகளால் இறுகப் பிடித்து, முன்பக்கம் நீண்டு, நுனியில் இருக்கிற ரப்பர் கட்டை பட்டையின் முன்முனை வளையத்துக்குக் கீழே போய் முட்டி நிற்கும். ரோவீனா தன் காரில் இதை மூன்று வருடமாக வைத்திருக்கிறாள்.

ரப்பரை மாட்டி முடித்தாள். இரண்டு நிமிட வேலை. வெளியே வரத் திரும்பியபோது இடது பக்கம் கண்ணில் பட்டது.

பாரின் தகட்டுக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய வெள்ளிக்கோடு. வண்ணம் தேய்ந்து இரும்பு மின்னியது. அங்கே ஏதோ அசைந்திருக்கிறது. அவள் கையை நீட்டி, பின்னால் இருந்த யூ போல்ட்டின் நட்டைத் தொட்டாள். ஸ்பேனர் தேவைப்படவில்லை. விரலுக்கே சுற்றியது.

அதில் வியப்பு ஒன்றுமில்லை. புதிதாக மாட்டியதும் முதல் இரண்டு மூன்று ஓட்டத்தில் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று அமுங்கும். அப்போது நட்டு இளகும். மறுபடி இறுக்க வேண்டும். மார்லிஸ் எவ்வளவு நன்றாக இறுக்கியிருந்தாலும் இளகத்தான் செய்யும். இன்று அந்தக் கார் ஐந்து முறை ஓடியிருந்தது. மறுபடி இறுக்க யாருக்கும் நினைவு வரவில்லை, அவ்வளவுதான்.

"பொண்ணே," என்றார் வெல்டன், "அப்படியே இன்னொரு பக்கமும் ஒரு பார்வை பார்த்துடு. உன் கண்ணு என் கண்ணைவிட நல்ல கண்ணு."

அவள் விரல் இன்னும் நட்டின் மேல்தான் இருந்தது.

அவள் மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. டயர் கொஞ்சம் துள்ளும். கால் நொடியாவது வீணாகும். அது போதும். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

"பார்த்துட்டேன்," என்றாள். "சரியா இருக்கு."

வெளியே வந்து உடையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். வெல்டன் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். மார்லிஸ் காரை ஜாக்கியிலிருந்து இறக்கினாள்.

பிறகும் நேரம் இருந்தது. சொல்ல வேண்டுமானால் பத்து முறை சொல்லியிருக்கலாம். மார்லிஸ் தன் சாண்ட்விச்சைப் பிய்த்துப் பாதியை நீட்டினாள். "சாப்பிடு, வெறும் வயித்தோட தோத்தா இன்னும் கஷ்டமா இருக்கும்," என்று கண்ணடித்தாள். ரோவீனா வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் கடித்தாள். மீதியைக் காகிதத்தில் சுருட்டிக் கருவிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தாள்.

"பயமா?" என்றான் ட்வெய்ன்.

"இல்ல."

"மூஞ்சி வெளுத்துக் கிடக்கு."

"வெயில்."

"வெயில்ல கறுக்கத்தானே செய்வாங்க, ரோ."

அவள் வெள்ளை ஷூ பாலிஷை எடுத்து, எவ்வளவு நேரத்தில் ஓடி முடிப்பாள் என்கிற எண்ணைத் தன் காரின் முன்கண்ணாடியில் எழுதினாள். எழுதிய நேரத்தைவிட வேகமாக ஓடிவிட்டாலும் தோல்விதான். பக்கத்தில் வெல்டனின் கண்ணாடியில் மார்லிஸ் எழுதினாள். அவருடைய எண் அரை நொடி குறைவு. அவர் வண்டி வேகமானது என்பதால் தொடக்கக் கோட்டின் விளக்குக் கம்பத்தில் ரோவீனாவுக்கு அரை நொடி முன்னதாகப் பச்சை எரியும்.

கோட்டுக்குப் போகும் வரிசையில் இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வெல்டன் சன்னல் வழியாகக் கையை நீட்டினார். அவளும் நீட்டினாள். விரல் நுனிகள்தான் எட்டின.

"நல்லா ஓட்டு," என்றார்.

"நீங்களும்."

"ரப்பருக்கு ரொம்ப நன்றி."

அவள் தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

மஞ்சள், மஞ்சள், மஞ்சள், பச்சை. நோவா பாய்ந்தது. அவள் வாழ்நாளிலேயே அதைவிட நல்ல தொடக்கம் கிடைத்ததில்லை. முதுகு இருக்கையில் ஒட்டியது. இரண்டாவது கியர். பக்கத்துத் தடத்தில் கமாரோவின் மூக்கு வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. பின்னால் பார்க்கும் சிறு கண்ணாடியில் பார்த்தாள். புகைக்கு நடுவே அந்தக் கார் குறுக்கே திரும்பியிருந்தது. பின்பக்கம் ஒரு பக்கமாக நகர, முன்பக்கம் இடது சுவரைப் பார்த்துப் போனது. மோதிய சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. அவள் எஞ்சினின் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. பிறகு யோசித்தபோது அவளுக்கு அதுவே பெரிதாகத் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தும் காலை எடுக்கவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அவள் பக்கத்து வெற்றி விளக்கு எரிந்தது.

திரும்பி வந்தபோது ஆம்புலன்ஸ் படியில் வெல்டன் உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்து அதில் பஞ்சு வைத்திருந்தார்கள். இடது மணிக்கட்டைக் கட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் மற்றக் கையைத் தூக்கினார்.

"ஜெயிச்சுட்டியே!" பஞ்சுக்குள்ளிருந்து பேச்சு குழறியது. "கூட்டம் கத்துனது எனக்கு உள்ளேயே கேட்டுச்சு."

"உங்களுக்கு..."

"ஒண்ணும் இல்ல. மணிக்கட்டு மட்டும் விரிசல்னு நினைக்கிறாங்க. வண்டிதான் பாவம்."

இழுவை வண்டி கமாரோவின் பின்பக்கத்தைத் தூக்கியிருந்தது. நாலைந்து பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடது பக்கப் பார் தொங்கியது. பின் யூ போல்ட் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. ஆக்ஸில் இருக்க வேண்டிய இடத்தை விட்டு ஒரு கையகலம் முன்னால் வந்திருந்தது. மார்லிஸ் அங்கேயே முழங்காலில் நின்றாள்.

வெல்டன் எழுந்து நடந்து போனார். ரோவீனாவும் போனாள். ட்வெய்ன் அவள் முதுகை விடாமல் தட்டிக்கொண்டே வந்தான்.

"இடது பக்கம் நீதானே இறுக்கின?" என்றார் வெல்டன். கோபமில்லை.

"நான்தான்," என்றாள் மார்லிஸ். "நல்லாத்தானே இறுக்கினேன்."

"ரொம்ப நல்லா இறுக்கியிருக்க. அதான். ஸ்பேனர்ல தொங்காத, மரை போயிடும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? மரை உரிஞ்சு, உள்ளுக்குள்ள கடிச்சுக்கிட்டு நின்னிருக்கு. இந்த ஒரு உதைக்கு விட்டுடுச்சு."

மார்லிஸ் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஏதோ எழுதியிருப்பது போல.

"புது பார் மாட்டினா இளகும்," என்றாள் ரோவீனா. அவள் குரல் அவளுக்கே மெல்லியதாகக் கேட்டது. "பட்டை அமுங்கும். நட்டு தானா இளகிக்கும். அது யார் மேலயும் தப்பில்ல."

"இளகியிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமே," என்றார் வெல்டன். "நீ பார்த்தியே. அதுக்கு அப்புறம் வண்டி ஓடவே இல்ல. ஓட்டத்துக்கு முன்னாடி அது சரியாத்தான் இருந்துச்சு. உன் வார்த்தையை நம்பாம வேற யார் வார்த்தையை நம்புவேன்?" அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு ரப்பர் கொடுத்து, தானே அடியில படுத்து மாட்டி, இன்னொரு பக்கமும் பார்த்துக் கொடுத்துச்சு. என்னைத் தோக்கடிக்கப் போற நேரத்துல. எந்த ஊர்ல இது நடக்கும்?"

யாரோ கை தட்டினார்கள். இன்னும் சிலரும் தட்டினார்கள். ரோவீனா தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் கயிறு அவிழ்ந்திருந்தது. குனிந்து கட்டலாம் என்று நினைத்தாள். குனிந்தால் நிமிர முடியாது என்று தோன்றியது.

மார்லிஸ் எழுந்தாள். "இனிமே நான் உன் வண்டியைத் தொடவே மாட்டேன், வெல்டன்."

"அட, அப்படிச் சொல்லாத."

"உன்னைக் கொன்னிருப்பேன். என் கையாலேயே." அவள் அழவில்லை. மளிகைக் கடையில் கணக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். "பதினெட்டு வருஷமா பக்கத்துல நின்னு வேலை செய்யறேன். போதும். ஞாயித்துக்கிழமை நான் தேவாலயத்துக்குப் போறேன், நீ இங்க வா. யாரையாச்சும் கூட வெச்சுக்கோ."

வெல்டனின் முகத்தில் முதல்முறையாக வலி தெரிந்தது.

அதற்குள் ஸ்டப்ஸ் மைக்கில் கூப்பிட்டார். "நிரந்தர ரெண்டாமிடம்னு இனிமே சொல்லக்கூடாது! எங்கம்மா ரோவீனா? வெற்றி மேடைக்கு வாங்க!"

மேடையில் கோப்பையை வைத்திருந்தார்கள். புகைப்படக்காரர் தயாராக நின்றார். அங்கே ஒரு வழக்கம் உண்டு: அந்த நாளில் உனக்கு ஒரு திருகாணி கொடுத்தவர்கூடப் படத்தில் நிற்பார். தோற்றவரும் நிற்பார். ட்வெய்ன் வலப்பக்கம் நின்றான். வெல்டன் கட்டுப் போட்ட கையோடு படியேறி வந்தார். மார்லிஸ் கீழேயே நின்றாள்.

"நீயும் வா," என்றார் வெல்டன்.

"நான் எதுக்கு. வண்டியை உடைச்சவ."

"வாடி."

அவள் வந்தாள். ரோவீனாவின் இடப்பக்கம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் உடம்பிலிருந்து கிரீஸ் வாசனை வந்தது. ரோவீனா மேலிருந்தும் அதே வாசனைதான் வந்தது.

"கோப்பையைக் கொஞ்சம் மேல தூக்குங்க," என்றார் புகைப்படக்காரர். "சிரிங்க. அந்தம்மாவும் சிரிக்கணும்."

"அவங்க சிரிக்க வேண்டாம்," என்றாள் ரோவீனா.

"என்னது?"

கோப்பையைக் கீழே வைத்தாள். அது மரத்தளத்தில் தட்டென்று உட்கார்ந்தது. ட்வெய்ன் அவள் பெயரைச் சொன்னான். அவள் மார்லிஸ் பக்கம் திரும்பினாள். கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவளுடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். ஸ்டப்ஸ் மைக்கை இன்னும் அணைக்கவில்லை.

"மரை உரியல," என்றாள். "நீங்க இறுக்கினது சரியாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் அது இளகிடுச்சு. நான் அடியில படுத்திருந்தப்பவே இளகித்தான் இருந்துச்சு. விரலால சுத்திப் பார்த்தேன், சுத்துச்சு. எனக்கு ஜெயிக்கணும்னு இருந்துச்சு. அதனால சரியா இருக்குன்னு பொய் சொன்னேன்."