கூடுதலாக ஒரு தட்டு

பொன்னுரங்கத்தின் வீட்டில் சாப்பிட உட்காருகிறவர்களைவிடத் தட்டு எப்போதும் ஒன்று கூடுதலாகவே இருக்கும். அமிர்தம் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, புருஷனுக்கு ஒரு தட்டு, தனக்கு ஒரு தட்டு, மாடி அறையில் குடியிருக்கும் எஸ்தரம்மாவுக்கு ஒரு தட்டு என்று வைப்பாள். அப்புறம் ஓரமாகப் பூப்போட்ட சின்னத் தட்டு ஒன்றை வைப்பாள். அதில் சோறு விழாது. சாப்பிட்டு முடித்ததும் மற்ற தட்டுகளோடு சேர்த்து அதையும் கழுவிக் கவிழ்த்து வைப்பாள்.

அது காயத்ரியின் தட்டு. போன வருஷம் தேவனாம்பட்டினத்துக்குள் கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் விளையாடப் போன பிள்ளை அவள். உடல்கூடக் கிடைக்கவில்லை. பெற்றவன் அன்றைக்கு ஊரில் இல்லை. முதல் நாள் கட்சிக் கூட்டத்தில் பேசுவதற்காக விருத்தாசலம் போனவன், பஸ் கிடைத்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பகலில் ஐஸ் கம்பெனி வேலை, சாயங்காலமானால் மேடை என்று இருந்த மனுஷன், அதற்குப் பிறகு மைக்கையே தொடவில்லை.

எஸ்தரம்மா நெதர்லாந்திலிருந்து நிவாரண வேலைக்கு வந்தவர். ஓய்வு பெற்ற நர்ஸ். கூட வந்த கும்பல் இரண்டு மாதத்தில் மூட்டை கட்டிவிட்டது. அவர் மட்டும் தங்கிவிட்டார். அமிர்தத்தோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, சுவரில் ஒட்டியிருந்த பிணங்களின் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவர் அவர்தான். அமிர்தத்திடமே தமிழையும் கற்றுக்கொண்டார். அதனால் அவர் பேசுவது அப்படியே தேவனாம்பட்டினத்துத் தமிழாக இருக்கும்.

வந்த புதிதில் அந்தப் பூப்போட்ட தட்டைப் பார்த்துவிட்டுத்தான் எஸ்தரம்மா அழுதார். அவருடைய பாட்டியும் இப்படித்தான் சாகும்வரை மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பாராம். சண்டைக் காலத்தில் பாட்டியின் கடைசி மகளை, ஹன்னா என்ற பெண்ணை, ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. புதைத்த இடமும் தெரியாது. “அவுங்க சனத்தயே தேடித் தேடிக் கொன்னாங்களாம்” என்பதுவரை அமிர்தத்துக்குப் புரிந்தது. எந்தச் சனம், ஏன் கொன்றார்கள் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அதற்கு மேல் என்ன விவரம் வேண்டும்? அந்த வருஷம் முழுக்க அமிர்தம் கடல் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. முதல் நினைவு நாளன்று எஸ்தரம்மா கையைப் பிடித்துக்கொண்டால் மட்டும் கடலுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் ஊற்றுவேன் என்று சொல்லியிருந்தாள். எஸ்தரம்மாவும் சரி என்றிருந்தார்.

பொன்னுரங்கத்துக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. வெள்ளைக்காரம்மா, பெயர் எஸ்தர். வேறென்ன, கிறிஸ்தவர்தான் என்று அவனாகவே முடிவு கட்டிவிட்டான். எஸ்தர் என்ற பெயரில் ஊரில் இரண்டு டீச்சர்கள் இருந்தார்கள், இரண்டு பேரும் சர்ச்சுக்குப் போகிறவர்கள். டிசம்பர் பிறந்ததும் கடைக்குப் போய்ப் பெரிய காகித நட்சத்திரம் ஒன்று வாங்கி வந்து, பல்பு போட்டு மாடி அறை வாசலில் கட்டினான். “நம்ம வூட்ல இருக்கறவங்களுக்கு நாமதான செய்யணும்!” என்றான். எஸ்தரம்மா நட்சத்திரத்தைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், சிரித்துக்கொண்டார்.

அந்த மாதம் மழை விட்டதும் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கட்சிக் கூட்டம் வைத்தார்கள். செயலாளர் சுப்பராயலு வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். “எத்தினி நாளு இப்பிடி மூலையில குந்தியிருப்ப? நீ பேசாத மேட உப்பில்லாத கஞ்சியா கெடக்கு. வாய்யா!” என்றார். அமிர்தமும் போகத்தான் சொன்னாள். புருஷன் பழையபடி நாலு பேரோடு பேசிச் சிரிக்க மாட்டானா என்று அவளுக்கும் ஏக்கம் இருந்தது.

பொன்னுரங்கத்தின் பேச்சுக்கு ஒரு முறை உண்டு. எடுத்த எடுப்பில் தெருக் குழாயையும் சாக்கடையையும் பேசமாட்டான். முதலில் உலகச் செய்தி ஒன்றை எடுப்பான், அதில் கூட்டத்தைச் சிரிக்க வைப்பான், அப்புறம்தான் கடலூருக்கு வருவான். அன்று காலை டீக்கடை பேப்பரில் அவனுக்குத் தோதாக ஒரு செய்தி அகப்பட்டது. எங்கோ ஒரு நாட்டு அதிபர், யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதாகச் சொல்வதெல்லாம் கட்டுக்கதை என்று பேசிவிட்டாராம். அந்த நாடு கண்டித்தது, இந்த நாடு தூதரை அழைத்து விளக்கம் கேட்டது என்று பேப்பரில் பாதிப் பக்கம் ஓடியிருந்தது. படிக்கப் படிக்க அவனுக்கு வயிறு எரிந்தது. எப்போதோ செத்தவர்களுக்கு இத்தனை நாடு எழுந்து நிற்கிறதே, என் பிள்ளைக்கு எவன் நின்றான் என்று தோன்றியது. துக்கம்தான் அது. ஆனால் மேடை ஏறியபோது வேறு உருவத்தில் வந்தது.

முன்வரிசையில் பெண்கள் பக்கம் அமிர்தமும் எஸ்தரம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுரங்கம் தொண்டையைச் செருமினான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் குரல் ஒலிபெருக்கியில் கேட்டதும் கூட்டம் விசில் அடித்தது.

“ஒரே ஒரு ஆளு வாயத் தொறந்தான், ஒலகமே துடிக்குது! யூதருங்க அறுபது லட்சம் பேரு செத்தாங்களாம். அறுபது லட்சம்! யாருய்யா எண்ணுனது? வரிசையில நிக்கவச்சி டோக்கன் குடுத்தானா? ரேஷன் கடையில அரிசி மூட்டைய எண்ணவே நமக்கு ஆளு இல்ல!”

மைதானம் அதிர்ந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பொன்னுரங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. அமிர்தமும் புருஷன் ஜெயித்துவிட்டான் என்று சிரித்தபடிதான் எஸ்தரம்மாவின் பக்கம் திரும்பினாள். தன் கைக்குள் இருந்த அவர் கை சில்லிட்டுப் போயிருந்தது. எந்தச் சனம் என்று அந்த நிமிஷத்தில்தான் அமிர்தத்துக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுநாள் காலையில் எஸ்தரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். காகித நட்சத்திரத்தைப் பத்திரமாக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

“நீங்க அன்பா கட்டுனீங்க. அதான் ஒண்ணும் சொல்லல. நான் யூத சனம், பொன்னுரங்கம்.”

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவனுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. ஓடிப்போய், மேடைக்காக டீக்கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த பேப்பரை எடுத்து வந்தான்.

“அம்மா, இங்க பாருங்க. அந்தாளு பேசுனது தப்புன்னு எத்தினி நாடு கண்டிச்சிருக்கு! பெரிய பெரிய தலைவருங்க எல்லாம் அறிக்க வுட்ருக்காங்க. நான் ஒருத்தன் பேசி இன்னா ஆவப்போவுது? அது சும்மா, மேடைக்காவ பேசுனது.”

எஸ்தரம்மா பேப்பரை வாங்கவில்லை.

“அந்தத் தலைவருங்க யாரையும் எனக்குத் தெரியாது. அந்த அதிபரு பேசுனப்ப எனக்குக் கோவம் வந்துச்சி. கண்டிச்சாங்கன்னு கேட்டப்ப சந்தோசமா இருந்துச்சி. ஆனா நீங்க பேசுனப்ப…” என்று நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நான் உங்க வூட்ல சோறு துன்றேன்.”

அன்று மதியம் அவர் சாப்பிட வரவில்லை. அமிர்தம் மாடிக்குச் சோறு எடுத்துப் போனாள். அடுத்துப் பேச வேண்டிய சிதம்பரம் கூட்டம் முடியட்டும், வந்து நிதானமாக உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று பொன்னுரங்கம் நாளைக் கடத்தினான். எத்தனையோ பேர் கெட்டுப்போவது இந்த நிதானத்தால்தான்.

மஞ்சக்குப்பத்து வெற்றி சிதம்பரம்வரை எட்டியிருந்தது. அங்கே கட்சியின் நகரப் பிரமுகர் தில்லைநாதன், பெயிண்ட் கடைக்காரர், கீழவீதியில் மேடை போட்டிருந்தார். திருவாதிரை நெருங்கியதால் வீதியில் எங்கே பார்த்தாலும் வெளியூர்க் கூட்டம். கடைக்குப் பின்னால் பேச்சாளர்களுக்கு டீயும் பஜ்ஜியும் கொடுத்து உபசரித்தார்கள். தில்லைநாதன் நல்ல மனுஷர். பொன்னுரங்கத்தின் வீட்டு விஷயம் மட்டும் அவருக்குத் தெரியாது.

“யாரு எண்ணுனதுன்னு கேட்டீங்களாமே! பிரமாதம் போங்க. அதயே இங்கயும் எடுத்து வுடுங்க.” பஜ்ஜித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். “எனக்கு ஒரு சந்தேகம் அண்ணே. உங்க கடக்கர சமாச்சாரமும் அப்பிடித்தானாமே? அம்மாம் பேரு சாவலன்னு இங்க பேசிக்கிறாங்க. நிவாரணத்துக்காவ ஏத்திச் சொல்லிட்டாங்களாம். பாடியே கெடைக்கலன்னா செத்ததா கணக்காம். யாருண்ணே எண்ணுனது?”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை.

பொன்னுரங்கத்தின் கையில் பஜ்ஜி அப்படியே இருந்தது. பூப்போட்ட சின்னத் தட்டு கண் முன்னால் வந்தது. அவன் சொன்ன அதே சொல், அவன் சிரிக்க வைத்த அதே சிரிப்பு. தில்லைநாதன் அதை அவனிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருந்தார்.

மேடையில் அவன் பெயரை அழைத்தார்கள். “யூதர் மேட்டர்ல ஆரம்பி” என்று சுப்பராயலு காதைக் கடித்தார். பொன்னுரங்கம் மைக்கைப் பிடித்தான்.

“மஞ்சக்குப்பத்துல நான் ஒண்ணு சொன்னேன். செத்தவங்கள யாரு எண்ணுனதுன்னு கேட்டேன். அது பொய்யி. கேக்கக் கூடாத கேள்வி. செத்தது நெசம். எனக்கும் ஒரு பொண்ணு இருந்திச்சி. காயத்ரின்னு பேரு. பாடி கெடைக்கல…”

அதற்கு மேல் குரல் எழவில்லை. முன்னால் நின்ற கூட்டம் ஒன்றும் புரியாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. பின்னாலிருந்து யாரோ ஊளையிட்டார்கள். சுப்பராயலு முகம் சிவக்க மைக்கைப் பிடுங்கி அடுத்தவரிடம் கொடுத்தார். தில்லைநாதன் மட்டும் மேடை ஓரத்தில் தலையைக் குனிந்தபடி நின்றார். பொன்னுரங்கம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினான். எஸ்தரம்மாவிடம் சொல்ல வேண்டியதை வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

வீட்டில் மாடி அறை பூட்டிக் கிடந்தது.

“மத்தியானமே மெட்ராஸ் பஸ்ஸு ஏறிட்டாங்க” என்றாள் அமிர்தம். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. “இருங்க, அவுரு வந்துரட்டும்னு கெஞ்சுனேன். ‘அமிர்தம், அந்த ஆளுங்க கைதட்டுன சத்தம் காதுலயே நிக்குது. தெருவுல எதிர்ல வர்றவங்களப் பாத்தா, இவரும் தட்டிருப்பாரோன்னு தோணுது. அப்பிடி தோண ஆரம்பிச்சிட்டா ஒரு ஊர்ல இருக்க முடியாது’ன்னாங்க. உங்கமேல கோவம் இல்லன்னும் சொல்லச் சொன்னாங்க.”

கோபம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். பொன்னுரங்கம் வாசற்படியிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

நினைவு நாள் வந்தது. ஊரே பால் குடத்தோடு கடலுக்குக் கிளம்பியது. அமிர்தம் அசையவில்லை. “அவுங்க கையப் புடிச்சிக்கினு போலாம்னு இருந்தேன். எனக்குத் தெம்பு இல்ல. நீங்க போயி ஊத்துங்க” என்றாள். கரையில் தலைவர்கள் மலர்வளையம் வைத்தார்கள், அறிக்கை படித்தார்கள். பொன்னுரங்கம் யார் பக்கமும் திரும்பாமல் முழங்கால் தண்ணீரில் நின்று, தனியாகப் பிள்ளைக்குப் பால் ஊற்றிவிட்டு வந்தான்.

மதியம் அமிர்தம் தட்டு வைத்தாள். அவனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, ஓரத்தில் பூப்போட்ட சின்னத் தட்டு. பொன்னுரங்கம் எழுந்து போய், எஸ்தரம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த எவர்சில்வர் தட்டை எடுத்து வந்து, அந்தச் சின்னத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“அவுங்கதான் போய்ட்டாங்களே, யாருக்கு?” என்று கேட்டாள்.

“ஹன்னாவுக்கு” என்றான் அவன்.

அமிர்தம் இரண்டு தட்டுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

“எங்கயோ ஒரு தலைவரு பேசுனாரு, எங்கெங்கயோ இருக்கற நாடெல்லாம் கண்டிச்சிது. அது அவுங்க வேல. நம்ம தெருவுல, நம்ம மேடையில பேசுனா நாமதான கண்டிக்கணும்? அங்க நான்கூட சிரிச்சிட்டுத்தான் இருந்தேன். அடுத்தவங்க சாவ வச்சி ஊர சிரிக்க வச்சா, அந்தச் சிரிப்பு சுத்திச் சுத்தி நம்ம வூட்டுக்குத்தான் வரும். யாரு எண்ணுனதுன்னு கேட்டீங்கல்ல? பெத்தவ எண்ணுனா. வேளாவேளைக்குத் தட்டு வச்சி எண்ணுனா.”

அமிர்தம் புருஷனுக்கும் தனக்கும் சோறு போட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.