மிஞ்சி விரல்

பெருமாள்சாமி கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர். துளசியைக் கூட துளசி என்று சொல்ல மாட்டார். லத்தீன் பேரைச் சொல்லி, கேட்டவர் விழிப்பதைச் செத்த நேரம் ரசித்துவிட்டுத்தான் மேலே பேசுவார். அப்பேர்ப்பட்ட மனிதரை மனைவி பொன்னழகின் காலில் மிஞ்சி போடும் விரல் ஆட்டி வைத்தது.

கருவேல முள் ஏறிய புண். விரல் வீங்கி மிஞ்சியைக் கழற்றும்படி ஆனது. பெனிசிலின் ஊசி போட்டுப் போட்டு இடுப்பு வலித்ததே தவிர, சீழ் நிற்கவில்லை. கிருமி ஊசிக்குப் பழகிவிட்டது, எலும்பில் இறங்கினால் விரலை எடுப்பதுதான் வழி என்றார் டாக்டர்.

பெருமாள்சாமி அந்தச் சீழைத் தொட்டெடுத்துப் போய்க் கல்லூரியில் கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்தார். இலைகளை அரைத்து, தண்ணீரில் ஊறவைத்து, ஒற்றுத்தாள் வில்லையை அதில் நனைத்துத் தட்டில் வைப்பார். இலைக்கு வீரியம் இருந்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வட்டமாகத் தெளிந்திருக்கும். கல்லூரிக் குழாயை நம்பாமல், வீட்டில் காய்ச்சிப் பானையில் ஊற்றிவைத்த தண்ணீரைத்தான் எடுத்துப் போவார். அது லேசாகச் சிவந்திருந்தது. மண்ணின் வாகு என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்.

குப்பைமேனி தெளிந்தது. தும்பையும் நொச்சியும் தெளிந்தன. எல்லாம் ஒரே அளவு வட்டம். அதைச் சந்தேகப்படாமல், இயற்கையின் ஒழுங்கே ஒழுங்கு என்று வியந்தார்.

மனமகிழ் மன்றச் செயலாளர் அருளப்பன் பாராட்டுக் கூட்டத்துக்கு நாள் குறித்து, நோட்டீஸில் 'கிருமி சம்ஹாரர்' என்று போட்டார். இதெல்லாம் எதற்கு என்று கூசிய பெருமாள்சாமி, எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார்.

விரல் நோட்டீஸைப் படிக்கவில்லை போலும். அதே இலைகளைப் பச்சையாக அரைத்துக் கட்டியும் வீக்கம் ஏறிக்கொண்டே போனது. ஈரத்தில் மிதித்திருப்பாய் என்று மனைவியைக் கடிந்துகொண்டார். இலைக்கட்டை அவிழ்க்கும்போது அவள் கேட்டாள்.

"ஏங்க, விரலை எடுத்துட்டா வலி நின்னுரும்ல?"

எல்லா இலைக்கும் ஒரே அளவு வட்டம் விழுந்தது அப்போதுதான் அவருக்கு உறுத்தியது. மறுநாள் எந்த இலையும் போடாமல், வெறும் பானைத் தண்ணீரில் வில்லையை நனைத்துத் தட்டில் வைத்தார். அதற்கு அடுத்த நாள் பார்த்தால், அதைச் சுற்றியும் அதே வட்டம்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் பானைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இது ஏது?"

"அடுத்த வீட்டு ஷரீஃபாக்கா குடுத்தது. அவுக வீட்டுக்காரர் தோல் பதனிடுற ஷாப்புல ஆவாரம்பட்டை ஊறப்போட்ட பானை. நல்லாக் கழுவிட்டுத்தாங்க ஊத்துனேன்."

"நீ கழுவிட்ட, பொன்னு. பானைதான் விடல."

புதுக் கண்ணாடி ஜாடித் தண்ணீரில் எல்லாவற்றையும் திரும்பச் செய்தார். குப்பைமேனி, தும்பை, நொச்சி எல்லா வில்லைகளைச் சுற்றியும் கிருமி தழைத்திருந்தது. ஆவாரம்பட்டைக்கு மட்டும் வட்டம்.

கூட்டத்தை நிறுத்தச் சொல்லி அருளப்பனிடம் போனார்.

"மாலைக்குச் சொல்லியாச்சு சார். கிருமியா கூட்டத்துக்கு வரப்போகுது?"

மேடையேறி, இலைகள் எல்லாம் தோற்றன, ஜெயித்தது பக்கத்து வீட்டுப் பானை என்று லத்தீன் கலக்காமல் சொல்லிவிட்டு இறங்கினார். தன்னடக்கம் என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினார்கள்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஆவாரம்பட்டையைக் காய்ச்சி ஆறவைத்து, காலையும் மாலையும் புண்ணைத் தானே கழுவினார். தட்டில் செத்தது காலிலும் சாகும் என்று இப்போது அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவள் முகம் சுளிக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஊற்றினார். "காலேஜு வாத்தியார் என் காலைப் பிடிக்கிறதை அருளப்பன் பாத்தா இதுக்கும் நோட்டீஸ் அடிப்பாரு" என்றாள் பொன்னழகு.

மெல்லச் சீழ் நின்றது. கத்தி வேண்டாம் என்றார் டாக்டர், எதனால் ஆறியது என்பதில் அவருக்கும் சந்தேகம்தான்.

அன்று மாலை பெருமாள்சாமி மிஞ்சியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். பாதி விரலில் நின்றுகொண்டது.

"செத்த நாள் போகட்டுங்க" என்றாள்.

மிஞ்சியைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பட்டை காய்ச்ச எழுந்து போனார்.