மூலையில் ஒரு வெள்ளை நூல்

வணக்கம், எல்லோரும் சௌக்கியம்தானே? கழுத்து வலி, முதுகு வலி எதுவும் இல்லையே? வீட்டில் உட்கார்ந்தே கம்பெனி வேலை பார்ப்பவர்களைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? கண் எப்படி இருக்கிறது? கண்ணைத் தனியாக ஏன் கேட்கிறேன் என்பது கதை முடிவதற்குள் உங்களுக்கே விளங்கிவிடும்.

வீரபாண்டியில் சித்ரகலா என்று ஒருத்தி. பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் கேட்ட துணி, கேட்ட நிறம், கேட்ட தேதி, இந்த மூன்றிலும் பிசகு வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. பதினோரு வருஷமாகப் பார்க்கிறாள். நிறம் பார்ப்பதில் அவள் கண்ணுக்குக் கம்பெனியில் தனி மரியாதை.

அவள் மாமியார் மயிலாத்தாள் ஆனி மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். அதோடு, யு.கே.ஜி. படிக்கும் பேத்தி தன்ஷிகாவைப் பன்னிரண்டரைக்குப் போய்க் கூட்டிவர ஆள் இல்லாமல் போயிற்று. சித்ரகலாவின் கணவன் பூபாலன் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். மெஷின் நின்றால் அங்கே ஓடவேண்டும். நேரம் காலம் கிடையாது. அதனால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று சித்ரகலா முதலாளி பொங்கியண்ணனிடம் கேட்டாள்.

"மூணு மாசம் பாக்கலாமுங்க" என்றார் அவர். "ஆனா ஷேடுல ஒரு தப்பு வந்துச்சுன்னாலும் மறுநாள் காலைல இங்க சீட்டுல இருக்கோணும். முடியலீன்னா நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

முழுநாளும் ஆபீஸ் என்றால் அவளால் முடியாது. ஆக, ஒரு நிறம் தவறினால் வேலை போனது போலத்தான்.

அவள் கெட்டிக்காரி. முதல் நாளே ஒரு தாளில் நேரம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வேலை. அப்புறம் பிள்ளையைக் கூட்டிவந்து சாப்பாடு. இரண்டிலிருந்து ஆறு வரை மறுபடி வேலை. ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடி, ஆபீஸ் போனை அணைத்து அரிசி டப்பாவுக்கு மேலே வைத்துவிடுவாள். ஆபீசில் எட்டு மணிவரை இழுக்கிற வேலை இங்கே ஆறுக்கு முடிந்தது. டீ குடிக்கக் கூப்பிடுகிறவர்களும் இல்லை, ஊர்க்கதை பேசுகிறவர்களும் இல்லை.

நிறம் பார்க்க ஆபீசில் லைட் பாக்ஸ் உண்டு. பகல் வெளிச்சத்தைப் போலவே ஒளி விழுகிற பெட்டி அது. வீட்டில் அதற்குப் பதில் பின்னறையின் கிழக்கு ஜன்னல். டையிங்கில், அதாவது சாயப்பட்டறையில், ஒரு நிறத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று சின்னத் துண்டுகள் சாயம் போட்டுக் கொடுப்பார்கள். ஆபீசில் இருக்கும் வேல்குமார் அவற்றை ஒரு கவரில் போட்டு பைக்கில் கொண்டுவந்து தருவான். வெளிநாட்டுக்காரன் அனுப்பிய துண்டோடு ஒப்பிட்டு, எது பொருந்துகிறதோ அதில் சித்ரகலா கையெழுத்துப் போட்டு, கவரை ஸ்டேப்ளர் அடித்து, அவனிடமே திருப்பித் தருவாள். முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை.

குறை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

"ஏனுங்க மயிலாத்தா," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார் பழனியம்மாள். "உங்க மருமவ ஊட்ல இருந்தே சம்பளம் வாங்குதுன்னீங்க. நானும் நாலு நாளாப் பாக்கறேன், ஜன்னல்கிட்ட நின்னு துணித் துண்ட வெச்சு வெளையாடிட்டிருக்குது!"

மயிலாத்தாளுக்கும் அந்தச் சந்தேகம் முன்பே இருந்தது. அன்று முதல் ஏதாவது ஒரு சாக்கில் கம்பை ஊன்றிக்கொண்டு பின்னறைக்கு வந்து எட்டிப் பார்ப்பார். ஒருநாள் உப்பு எங்கே என்பார். மறுநாள் நேற்று வைத்த இடத்திலேயே இருக்கும் கண்ணாடி எங்கே என்பார்.

"வேலை பாக்கறயா அம்முணி?"

"பாக்கறனுங்கத்தை."

"பாரு பாரு. நான் ஒண்ணும் சொல்லலியே."

மாமியாரை ஒன்றும் செய்ய முடியாது. பழனியம்மாளின் கண்ணையாவது மறைக்கலாம் என்று, பழைய மஞ்சள் வாயில் சேலை ஒன்றை ஜன்னலில் மாட்டிவிட்டாள் சித்ரகலா. மெல்லிய துணி, வெளிச்சம் தாராளமாக உள்ளே வந்தது. அவளுக்கும் நிம்மதியாக இருந்தது.

முதலாளிக்கும் ஒரு பழக்கம் உண்டு. பதினொரு மணிக்கோ மூன்று மணிக்கோ திடீரென்று வீடியோ காலில் வருவார். கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. ஆள் இருக்கிறாளா என்று பார்க்கத்தான். அந்த வாரம் வந்தவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க, மூஞ்சி என்ன இத்தன மஞ்சளா இருக்குது? ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

வேலை நேரத்தில் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று குத்திக் காட்டுகிறாரே மனுஷன் என்று அவளுக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார்" என்று சட்டென்று பேச்சை மாற்றினாள்.

மறுநாள் ஒரு சாம்பல் நிறம் வந்தது. மூன்று துண்டுகளில் 'பி' அச்சாகப் பொருந்தியது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினாள். அடுத்த நாள் காலை முதலாளியே போன் செய்தார்.

"இதுவா மேட்ச்சிங்கு? லைட் பாக்ஸ்ல வெச்சா செவந்து கெடக்குது! வேல்குமார் பாத்து நிறுத்துனான். இல்லீன்னா இந்நேரம் டையிங்ல துணியே எறங்கியிருக்கும். சரி, இன்னொருக்கா மூணு துண்டு போடச் சொல்லியிருக்கறேன். இதாங் கடைசி, பாத்துக்குங்க."

சித்ரகலாவின் கண் தப்பாது. பதினோரு வருஷத்தில் தப்பியதில்லை. அப்படியானால் அவள் கொடுத்த துண்டு ஆபீசுக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். நடுவில் இருப்பது ஒரே ஆள்.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. வேல்குமார் இப்போது உட்காருவதே அவளுடைய நாற்காலியில். "எப்பங்கக்கா வருவீங்க? வரமாட்டீங்கன்னா சீட்ட நானே எடுத்துக்கட்டுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறான். அன்று சிரித்தாள், இப்போது சிரிப்பு வரவில்லை. ஆபீசிலிருந்து திருப்பியனுப்பிய கவரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஸ்டேப்ளர் ஓட்டை இரண்டு ஜோடி. அவள் அடித்தது ஒன்றுதான். நடுவழியில் பிரித்திருக்கிறான்!

மாமியாரிடம் சொன்னாள். மயிலாத்தாள் கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"எனக்கு அப்பவே தெரியும். அவன் வந்தான்னா வாசல்ல நிக்கறப்பவே உள்ள என்ன இருக்குதுன்னு நோட்டம் உடறான். அன்னைக்குத் தண்ணி கேட்டானே, சும்மாவா கேட்டான்?"

"தாகத்துக்குக் கேட்டிருப்பானுங்கத்தை."

"ஆமா, அவனுக்கு மட்டும் எங்கயும் இல்லாத தாகம்."

புதுத் துண்டுகள் வரும்வரை, நாலு நாளும், ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளை யாரும் பார்க்கவில்லை. சாப்பிடும்போதே ஆபீசில் இன்னொருத்திக்குப் போன் போட்டு, வேல்குமார் எத்தனை மணிக்கு வந்தான், வரும்போது கையில் என்ன இருந்தது என்று விசாரித்தாள் சித்ரகலா. ஆறு மணிக்கு அணைய வேண்டிய போன் தலையணைக்கடியில் கிடந்தது. "அம்மா, ஆறாயிடுச்சு, மூடு" என்று தன்ஷிகா வந்து லேப்டாப் மூடியைப் பிடித்தாள். "போ அக்கட்ட!" என்று எரிந்து விழுந்தாள் பாருங்கள், பிள்ளை போய்ப் பாட்டி மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

புதுத் துண்டுகள் திங்கட்கிழமை வந்தன. இந்தத் தடவையும் ஒன்று, அது 'சி', அச்சாகப் பொருந்தியது. கையெழுத்துப் போட்டாள். பிறகு ஊசியை எடுத்து, துண்டின் பின்பக்கம், ஒட்டிய பேப்பருக்கு அடியில், மூலையில் வெள்ளை நூலால் ஒரே ஒரு தையல் போட்டு முடிந்தாள். தேடிப் பார்த்தால் ஒழியத் தெரியாது. மாற்றட்டும், வசமாக மாட்டிக்கொள்வான்!

வேல்குமார் கவரை வாங்கிக்கொண்டு, "தலை வலிக்குதுங்களாக்கா? ஒரு மாதிரி இருக்கறீங்க?" என்றான்.

"எனக்கு என்ன? நல்லாத்தான் இருக்கறேன்" என்று கதவைச் சாத்தினாள்.

செவ்வாய்க்கிழமை பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டியில் ஆபீஸ் போய் இறங்கினாள். லைட் பாக்ஸ் முன்னால் முதலாளியும் வேல்குமாரும் நின்றிருந்தார்கள். உள்ளே இரண்டு துண்டுகள். ஒன்று சாம்பல், பக்கத்தில் இருந்தது செங்கல் தூள் தூவிய சாம்பல்.

"வாங்க" என்றார் பொங்கியண்ணன். "நீங்களே பாருங்க, உங்க கண்ணாலயே."

"இது நான் குடுத்ததில்லீங்க சார்." ஆபீசே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். "மாத்தியிருக்குது. யாரு மாத்துனாங்கன்னும் எனக்குத் தெரியும். நான் குடுத்த துண்டுல அடையாளம் வெச்சிருக்கறேன். இதுல இருந்தா நான் இப்பவே வேலைய உட்டுப் போயிடறேன்."

சிவந்த துண்டை எடுத்தாள். திருப்பினாள். பேப்பரைத் தூக்கினாள்.

மூலையில் வெள்ளை நூல் இருந்தது. அவள் போட்ட அதே முடிச்சு.

வேல்குமார் அந்த நூலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவனுக்குப் புரிய நேரம் ஆகவில்லை.

"எனக்காகத் தெச்சதுங்களாக்கா?" என்றான். "போன தடவ பிரிச்சது நாந்தானுங்க. மழைல கவர் நனஞ்சுபோச்சு. துண்டு சாயம் எறங்கிறப் போகுதுன்னு எடுத்து டிபன் பையில வெச்சேன். காஞ்சதுக்கப்பறம் அதே கவர்ல போட்டு மறுக்காப் பின் அடிச்சேன். கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பனுங்க."

"நீங்க ஊட்டுக்குப் போங்க" என்றார் முதலாளி அவளிடம். "சாயங்காலம் பேசறேன்."

வீட்டுக்கு வந்து பின்னறையில் உட்கார்ந்தாள். ஆளைச் சந்தேகப்பட்டு முடிந்து இப்போது கண்ணைச் சந்தேகப்படும் நேரம் வந்துவிட்டது. மேஜையில் வெளிநாட்டுத் துண்டில் அவளிடம் இருந்த பாதி, பக்கத்தில் கொடுத்தனுப்புமுன் வெட்டி வைத்துக்கொண்ட 'சி' துண்டு. இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், மறு கண்ணை மூடிப் பார்த்தாள். ஒன்றாகவேதான் தெரிந்தன. கண் போய்விட்டதென்றால் இந்தத் தொழிலில் அவளுக்கு இனி என்ன இருக்கிறது?

அறையில் சத்தமே இல்லையென்றதும் மயிலாத்தாளுக்குச் சந்தேகம். தூங்குகிறாளோ? கம்பை ஊன்றி வந்தார்.

"பட்டப்பகல்ல என்னத்துக்கு இப்பிடி மூடி வெச்சிட்டு உக்காந்திருக்கற?" என்று அவள் தலைக்கு மேலே கையை நீட்டி, ஜன்னல் சேலையை ஒரே இழுப்பில் ஒதுக்கினார்.

வெயில் மேஜைமேல் விழுந்தது. 'சி' துண்டு சிவந்தது.

சித்ரகலா சேலையைத் திரும்ப இழுத்து மூடினாள். இரண்டும் ஒன்றாயின. விலக்கினாள். சிவந்தது. மூடினாள், விலக்கினாள்.

"என்ன அம்முணி, கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"இந்தச் சேலைங்கத்தை! மஞ்சச் சேலை! அதான் மொதலாளிக்கு என் மூஞ்சிகூட மஞ்சளாத் தெரிஞ்சிருக்குது!" சிரித்தாள், உடனே முகத்தை மூடிக்கொண்டாள். பழனியம்மாள் பார்க்கிறார் என்று தொங்கவிட்ட சேலை. வெளியே இருந்தவர் கண்ணை மறைக்கப் போய்த் தன் கண்ணைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பதினோரு வருஷ அனுபவக்காரி! பழி போட்டது வேல்குமார் மேல்.

டியூப்லைட் கெட்டுப்போயிற்று என்று முதலாளியிடம் சொல்லலாம். ஜன்னலுக்கு வெளியே ஷெட் போட்டுவிட்டார்கள் என்றும் சொல்லலாம். ஒரு நிமிஷம் அதையெல்லாம் யோசித்தாள். பிறகு முதலாளிக்குத் தானே போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னாள்.

பொங்கியண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரெண்டு தடவயும் நிறுத்துனது வேல்குமாருங்க. நான் பேசுன பேச்சுப்படி நீங்க நாளைக்கே முழுநாளும் இங்க வரோணும். ஆனா நீங்க நாறடிச்சது அவனத்தான். அவன் என்ன சொல்றானோ அதாங் கணக்கு. இருங்க, குடுக்கறேன்."

போன் கைமாறியது.

"வேல்குமாரு..." என்றாள். "தப்பு எம்பேர்லதாங்க."

"தெரியுதுங்கக்கா." பக்கத்திலிருந்த முதலாளிக்கும் கேட்கும்படி சொன்னான்: "செவ்வாயும் வெள்ளியும் காலைல வந்து லைட் பாக்ஸ்ல ஷேடு பாத்துட்டுப் போகட்டுங்க சார். மத்ததெல்லாம் ஊட்ல இருந்தே பாக்கட்டும். அவங்க ஊட்ல இருந்து பாக்கறப்ப மெயிலுக்கெல்லாம் பதில் வெரசாத்தான் வருது, இல்லைன்னு சொல்லக்கூடாது." பிறகு அவளிடம்: "ஆனா சீட்டு எனக்குத்தானுங்கக்கா. ஃபேன் காத்து நல்லா வருது."

ஆக, நாற்காலி விஷயத்தில் மட்டும் அவள் சந்தேகப்பட்டது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

மஞ்சள் சேலை இப்போது மயிலாத்தாள் முழங்காலுக்குக் கட்டுப்போடக் கிழிபட்டுவிட்டது. ஜன்னல் திறந்தே இருக்கிறது. பழனியம்மாள் பார்த்தால் சித்ரகலா கையை ஆட்டுகிறாள். ஆறு மணிக்குப் போன் அரிசி டப்பாவுக்கு மேலே போய்விடுகிறது; தன்ஷிகாதான் எடுத்து வைக்கிறாள்.

வேல்குமார் இன்னும் வருகிறான், பட்டனும் லேபிளும் கொண்டு. வாசலில் நின்று கவரை நீட்டும்போது ஒவ்வொரு தடவையும் மறக்காமல் சொல்கிறான்: "ஒரு பின்னு, ரெண்டு ஓட்டைங்க. எண்ணிப் பாத்துக்குங்கக்கா."

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். இப்போதெல்லாம் அவன் வாங்கிக் குடிப்பதில்லை.

நீங்களும் வீட்டிலிருந்து வேலை பார்த்து, இப்படி யாரையாவது தப்பாக நினைத்ததுண்டா? இல்லை, உங்களை யாராவது தப்பாக நினைத்தார்களா? உங்கள் ஜன்னலில் என்ன தொங்குகிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புங்கள்.