மஞ்சள் தடவிய சம்மதம்

இன்னும் பன்னிரண்டு பேர் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வேண்டும். நாளெல்லாம் நின்று வேலை செய்பவர்களின் முழங்கால் வலிக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சி எந்த அளவு உதவும் என்று பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு. அதற்கு ஆள் சேர்ப்பவள் டெல்பின். அறுபது பேரில் நாற்பத்தெட்டு பேர் சேர்ந்திருந்தார்கள். கெடு ஏற்கெனவே இரண்டு முறை நீட்டப்பட்டுவிட்டது. இந்த முறை எண்ணிக்கை நிறையாவிட்டால் இரண்டு வருட உழைப்பை மூடி வைக்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலை சாந்தோம் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, பஸ் பிடித்துத் தி.நகர் வந்தாள். வெயிலுகந்தம்மன் டெக்ஸ்டைல்ஸில் ஊழியர்களுக்காகப் புதன்கிழமையே நோட்டீசும் சம்மதப் படிவங்களும் கொடுத்திருந்தாள். முதலாளி வெள்ளைச்சாமி அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். கல்லாவில் நாற்காலி உண்டு. ஆனால் வாடிக்கையாளர் நிற்கும்போது கடைக்காரன் உட்காரக் கூடாது என்று அவர் அப்பா சொன்னதை முப்பத்தைந்து வருடமாக மீறியதில்லை.

"வாங்கம்மா. நீங்க ஒரு சோலியும் பாக்க வேணாம். எல்லாம் முடிச்சு வச்சிட்டேன்."

மஞ்சப்பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து நீட்டினார். இருபத்து மூன்று படிவங்கள். ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

"ராத்திரி அம்மன் பாதத்துல வச்சு எடுத்தேன். நல்ல காரியம்லா?"

டெல்பினுக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. பன்னிரண்டு கேட்டால் இருபத்து மூன்று! மறுகணம் கண் படிவத்தில் விழுந்தது. 'எனக்கு எல்லாம் விளக்கப்பட்டது. என் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தது' என்ற வரிக்கு நேரே எல்லாவற்றிலும் ஒரே மையில், ஒரே கையால் போட்ட டிக். கீழே மட்டும் வேறு வேறு கையெழுத்துகள்.

அவள் யாருக்கும் எதையும் விளக்கவே இல்லையே.

"அண்ணாச்சி, இதை நான் வாங்கிக்க முடியாது."

அவர் முகம் வாடியது. "சாமி பாதத்துல வச்ச பேப்பரும்மா. நான் சொன்னா எம்புள்ளைங்க தட்டாது."

"அதனாலதான் அண்ணாச்சி." டெல்பின் கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஒரு கஸ்டமர் அம்பது புடவை பிரிச்சுப் பாத்துட்டு வேணாம்னு எழுந்தா இன்னா பண்ணுவீங்க?"

"சிரிச்ச முகத்தோட மடிச்சு வைப்போம். அடுத்த தடவை வருவாங்கள்ல."

"எங்கிட்டயும் அவங்க அப்படி எழுந்து போக முடியணும். உங்க பேச்சுக்காக ஒருத்தர் வந்தாக்கூட அது சம்மதம் இல்ல."

அண்ணாச்சி காலி மஞ்சப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்தார். பிறகு, "நாளைக்குக் கடை தொறக்கு முன்ன வாங்க. நான் மேல வரமாட்டேன்" என்றார்.

சனிக்கிழமை காலை மாடியில் சரக்கு அறையில் ஊழியர்கள் எல்லோரும் கூடினார்கள். டெல்பின் முதலில் அவரவர் படிவத்தை அவரவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். பிறகு புதிய படிவத்தை வரி வரியாகப் படித்து விளக்கினாள். யார் சேர்ந்தார், யார் சேரவில்லை என்று முதலாளியிடம் சொல்ல மாட்டேன் என்றாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பட்டுப் பிரிவின் பேச்சியம்மாள்தான் கடைசியில் கேட்டாள். "வேணாம்னா?"

"வேணாம்னா வேணாம்க்கா. ஏன்னு கேக்கக்கூட மாட்டேன்."

"அப்போ எனக்கு வேணாம்."

டெல்பினின் கணக்கில் ஓர் ஆள் குறைந்தது. ஆனால் அவள் எழுந்து நின்று கைகூப்பினாள். "ரொம்ப தேங்க்ஸ்க்கா. காலங்காத்தால வந்து கேட்டீங்களே, அதுவே பெரிசு."

அந்த ஒரு 'வேணாம்' மற்றவர்களின் வாயைத் திறந்தது. "ஊசி கீசி உண்டா?" "பாதியில நின்னா திட்டுவீங்களா?" "எங்க கால போட்டோ புடிச்சுப் போன்ல போட்டுருவீங்களா?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு மணி நேரம் போயிற்று. சிலர் பேனா கேட்டார்கள். சிலர் படிவத்தை மடித்துத் திருப்பித் தந்தார்கள். அவர்களுக்கும் அதே கும்பிடு.

எண்ணிப் பார்த்தாள். பதினொன்று.

படியில் காலடிச் சத்தம். டீக்கடைத் தட்டை அண்ணாச்சியே ஏந்திக்கொண்டு, வலது முழங்காலை ஒரு கையால் பிடித்தபடி ஏறி வந்தார். "டீ குடுக்கத்தான் வந்தேன். எத்தனை ஆச்சும்மா?"

"பதினொண்ணு அண்ணாச்சி. அதுபோதும், பாக்கியை ஆண்டவர் பாத்துப்பாரு." எண்ணிக்கை நிறையவில்லை. ஆனாலும் நாற்பத்தெட்டு பேரைச் சேர்த்தபோது வராத பெருமை அவள் குரலில் இருந்தது.

அண்ணாச்சி சுவரில் ஒட்டிய நோட்டீசை உற்றுப் பார்த்தார். "அறுவது வயசு வரைக்கும்னு போட்டிருக்கே. எனக்கு அம்பத்தெட்டு. நானும்தானே நின்னே சாகுதேன்? எனக்கும் விளக்கிச் சொல்லுங்க." உட்கார்ந்து, முழுவதும் கேட்டார். பிறகு சந்தேகமாகத் தலையைத் தூக்கினார். "நானும் வேணாம்னு சொல்லலாமா?"

"தாராளமா சொல்லலாம் அண்ணாச்சி," என்றது ஒரு குரல். பேச்சியம்மாள். "நான் சொல்லிட்டேன்ல."

அண்ணாச்சி அவளையே பார்த்தார். பிறகு தட்டிலிருந்து முதல் தம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நல்லது தாயி. இந்தா, சூடா குடி."

அவர் கையெழுத்தைப் போட்டுவிட்டு டெல்பினைப் பார்த்துத் தயங்கினார். "இது எம்பேப்பர்தானே? இதுக்கு மஞ்ச தடவிக்கிடலாம்லா?"

"நாலு மூலையிலயும் தடவுங்க அண்ணாச்சி," என்றாள் டெல்பின்.