முத்துப்பிரியாவின் டிரையல்

போடி கோர்ட்டு வாசலில் வெயில் ஏறியிருந்தது. மலைமேட்டிலிருந்து கிளம்பும்போது போட்டிருந்த ஸ்வெட்டரைத் தமிழ்செல்வி பஸ்ஸிலேயே கழற்றிப் பையில் திணித்துவிட்டாள். இருந்தும் உடம்புக்குள் எங்கோ குளிர் மிச்சமிருந்தது. பக்கத்தில் அவள் புருஷன் ஈஸ்வரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோர்ட்டுச் சுவரையே பார்த்தபடி நின்றான். அந்தப் பக்கம் திரும்பினால் தங்கபாண்டியைப் பார்க்க வேண்டியிருக்கும். தங்கபாண்டி சைக்கிள்கள் நிறுத்தும் தகரக் கொட்டகையின் நிழலில் இடது காலைச் சாய்த்து வைத்து நின்றுகொண்டிருந்தான். ஜீப் கவிழ்ந்ததிலிருந்து அந்தக் கால் நேராக ஊன்றுவதில்லை. அவனுக்கு அருகே சிமெண்ட் பெஞ்சில் அவன் மனைவி ரோஜா வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரசவத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கும் என்று பார்த்ததும் தெரிந்தது. தன் கூடப்பிறந்த தம்பியின் மனைவி உண்டாகியிருப்பதையே தமிழ்செல்வி ஊரில் வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

தங்கபாண்டி ஓட்டிய ஜீப்பில்தான் தமிழ்செல்வியின் ஒரே மகள் முத்துப்பிரியா செத்துப்போனாள். வழக்கு இரண்டு வருடத்துக்கும் மேலாக வாய்தா வாய்தாவாகத் தள்ளிக்கொண்டே வந்தது. போன வாரம் அவள் ஏலக்காய்த் தோட்டத்தில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தபோது அரசு வக்கீல் ஆபீஸிலிருந்து போன் வந்தது. “டிரையல் ஆரம்பிச்சிருச்சும்மா. இந்தத் தடவ உங்க சாட்சிதான். தவறாம வந்துருங்க.” அவள் சரி என்று சொல்லி வைத்துவிட்டு, செடிக்கடியில் ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டிரையல் என்ற அந்த வார்த்தையை முதன்முதலாக அவளுக்குச் சொன்னவள் முத்துப்பிரியா. போடியில் ஹாஸ்டலில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவள், லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, “தேனியில டிரையல்ஸ் வச்சிருக்காங்கம்மா. நானூறு மீட்டர்ல எம் பேரு இருக்கு,” என்றாள்.

“அப்படின்னா என்னாத்தா?”

“எல்லாரையும் ஓடவிட்டுப் பாப்பாங்க. தேறுறவங்கள மட்டும் சென்னைக்குக் கூட்டிட்டுப் போவாங்க.”

“தேறலைன்னா?”

“வீட்டுக்குத்தான். ஒங்கூடக் காய் எடுக்க வந்துருவேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

கோர்ட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது என்று தமிழ்செல்வி நினைத்துக்கொண்டாள். எல்லாரையும் பேசவிட்டுப் பார்ப்பார்கள். யார் தேறுவது, யார் வீட்டுக்குப் போவது என்று பிறகு சொல்வார்கள்.

ஈஸ்வரன் டீ வாங்கப் போன சமயம் பார்த்துத் தங்கபாண்டி காலை இழுத்து இழுத்து வந்தான். முகம் ஒடுங்கிப் போயிருந்தது. சின்ன வயதில் அவள் இடுப்பிலேயே திரிந்தவன்.

“அக்கா, வண்டி வேகமாப் போச்சான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிரு. அதுக்கு மேல ஒரு வார்த்த வேணாம்.”

“ஒன்னய உள்ள போட்டுருவாங்கடா.”

“போடட்டும். எங்க வக்கீலுகிட்டயும் சொல்லிட்டேன், எங்கக்காவ ஒரு கேள்வியும் கேக்கக் கூடாதுன்னு. புள்ள பேரு கோர்ட்டுப் பேப்பர்ல தப்பா வரக் கூடாதுக்கா.”

அவள் பதில் சொல்வதற்குள் ஈஸ்வரன் டீயுடன் வருவது தெரிந்தது. தங்கபாண்டி வந்த வழியே திரும்பிப் போனான்.

டிரையல்ஸ் அன்றைக்குக் காலையில் மேட்டில் எதிரே வருவது தெரியாத மூடுபனி. ஏழு மணிக்குள் வந்துவிடுவதாகச் சொன்ன தங்கபாண்டிக்கு, பூப்பாறைப் பக்கம் ஆட்களை எஸ்டேட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வர நேரமாகிவிட்டது. முத்துப்பிரியா பள்ளிக்கூடத்தில் கொடுத்த நீலப் பேண்ட்டும் பனியனுமாக ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஜீப் வந்ததும் முன்சீட்டில் தாவி ஏறிக்கொண்டாள். தமிழ்செல்வி பின்னால் உட்கார்ந்தாள். மகள் ஓடுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்க்கப் போகிறாள். இரண்டு மூன்று வளைவுகள் இறங்கியதும் பனி விலகி, கீழே போடி வெயிலில் கிடந்தது தெரிந்தது.

“மாமா, வெரசா போ மாமா. லேட்டாப் போனா பேரை அடிச்சிருவாங்க.”

“இதுக்கு மேல எப்புட்றீ போறது? பறக்கவா சொல்ற?”

“பற மாமா!”

தங்கபாண்டி சிரித்தான். பின்னால் தமிழ்செல்வியும்தான் சிரித்தாள். வண்டி வேகமெடுத்தது. அடுத்த வளைவில் ஏறி வந்த லாரிக்கு ஒதுங்க அவன் ஸ்டியரிங்கை ஒடித்ததும், சக்கரம் ஓரக் கல்லில் ஏறியதும், வானம் காலுக்குக் கீழே வந்ததும் ஒன்றாக நடந்தன. சரிவில் காப்பிச் செடிகளுக்கு நடுவே முத்துப்பிரியா குப்புறக் கிடந்தாள். தூங்குகிறவளைப் போல ஒரு கை தலைக்கு மேல் நீண்டிருந்தது.

போலீஸ் கேட்டபோது தங்கபாண்டி, “நாந்தான் வேகமா ஓட்டுனேன்” என்று மட்டும் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு, “சும்மாதான்” என்றான். ஜீப்பைச் சோதித்துப் பார்த்த அதிகாரி பிரேக் நன்றாகத்தான் இருந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். முந்தின நாள் குடித்த போதை தெளியாமல் ஓட்டினான் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. ஈஸ்வரன் அதை நம்பினான். ஏதாவது ஒன்றை நம்பினால்தான் அவனால் காலையில் எழுந்து தோட்டத்துக்குப் போக முடிந்தது. ‘அவன் குடிக்கல’ என்று சொல்லத் தமிழ்செல்வி எத்தனையோ முறை வாயெடுத்தாள். சொன்னால் அடுத்து, பிறகு ஏன் வேகமாகப் போனான் என்று கேட்பான். அந்த இடத்துக்கு வந்ததும் அவள் வாய் மூடிக்கொள்ளும். ‘வெரசா போ மாமா’ என்ற குரல் அவளிடம் மட்டும் இருந்தது. வெளியே எடுத்தால் ஆளாளுக்கு அதைப் புரட்டிப் பார்ப்பார்கள். புள்ளை தன் சாவைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டது என்று யாராவது ஒருத்தி பஸ்ஸில் சொல்வாள். அதை அவளால் தாங்க முடியாது.

கோர்ட்டு ஊழியர் வாசலில் வந்து நின்று அவள் பெயரைக் கூப்பிட்டார்.

வழக்கை விசாரிக்கும் நடுவர் ஒரு பெண். தமிழ்செல்வியைவிட இளையவராகத் தெரிந்தார். கூண்டில் ஏறி, சொல்லிக் கொடுத்தபடி சத்தியம் செய்தாள். எதிரே தங்கபாண்டி கைகட்டி நின்றான். அரசு வக்கீல் மெதுவாகத்தான் கேட்டார். இறந்துபோனது உங்கள் மகளா, வண்டியை ஓட்டியது யார், அவரை இங்கே அடையாளம் காட்ட முடியுமா. அவள் விரலை நீட்டித் தம்பியைக் காட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“வண்டி எப்படிப் போச்சும்மா?”

“வேகமாத்தான் போச்சு.”

நடுவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிற பெண் அடித்துக்கொண்டே வந்தாள். அரசு வக்கீல் உட்கார்ந்தார். தங்கபாண்டியின் வக்கீல் காமராஜ் எழுந்து, “குறுக்கு விசாரணை இல்லைங்கம்மா,” என்றார்.

“நீங்க எறங்கலாம்மா.”

தமிழ்செல்வி இறங்கவில்லை. கூண்டின் மரக்கட்டையைப் பிடித்தபடி நின்றாள். தம்பி தலையைக் குனிந்தே இருந்தான். உச்சியில் முடி கொட்டியிருந்தது. கூட்டத்தின் கடைசியில் ரோஜா சுவரில் சாய்ந்து நிற்பதும் தெரிந்தது.

“அவன் குடிச்சிருந்தான்னு ஊருல பேசுறாகம்மா. அவன் குடிக்கல.”

“அத யாரும் கேக்கல. எறங்குங்கம்மா,” என்றார் அரசு வக்கீல்.

நடுவர் கையை உயர்த்தினார். “சொல்லட்டும். பிறகு ஏன் வேகமாப் போனாரு?”

“எம் புள்ளைக்கு அன்னைக்குத் தேனியில டிரையலு. நேரமாயிருச்சு. புள்ளதான் வெரசா போ மாமான்னுச்சு.”

“அக்கா!” தங்கபாண்டி கத்தியேவிட்டான். “அத ஏன்க்கா சொன்ன? அதுக்கா நா இத்தன நாளு…” துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான். போலீஸ்காரர் ஒருவர் அவன் தோளைத் தொட்டு அடக்கினார்.

நடுவர் மேஜைமேல் முன்னால் சாய்ந்தார். பிறகு, “புள்ள சொன்னாலும் ஓட்டுனது அவருதானேம்மா?” என்று கேட்டார்.

“ஆமாங்கம்மா. ஓட்டுனது அவந்தான். அவன் செஞ்சது சரின்னு நா சொல்ல வரல. ஆனா வெரசாப் போகணும்னு அந்த வண்டியில மூணு பேருமேதான் நெனச்சோம்.”

நடுவர் தட்டச்சுப் பெண்ணின் பக்கம் திரும்பினார். “‘வாகனத்தை வேகமாகச் செலுத்துமாறு இறந்துபோன என் மகள் எதிரியிடம் கூறினாள்’னு போடுங்க.”

தமிழ்செல்வி கையை நீட்டி மறித்தாள். “எதிரின்னு சொல்லலம்மா. மாமான்னுதான் சொன்னா.”

“குத்தம் சாட்டப்பட்டவர எதிரின்னு எழுதறதுதான் இங்க வழக்கம்மா. வேற அர்த்தம் இல்ல.”

“அவ மாமான்னுதான் சொன்னா,” என்றாள் மறுபடியும்.

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “‘தன் மாமாவான எதிரியிடம்’னு மாத்திருங்க,” என்றார்.

வெளியே வந்ததும் வக்கீல் காமராஜ் அவளிடம் வந்து, இதனால் கேஸ் மாறாது, தண்டனையில் ஏதாவது குறையலாம், குறையாமலும் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ரோஜா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கபாண்டி பக்கத்தில் வரவே இல்லை. அவன் அழுவது முதுகில் தெரிந்தது.

ஈஸ்வரன் கோர்ட்டு கேட்டுக்கு வெளியே நின்றான். அவள் அருகில் போனதும் மெல்லிய குரலில் சொன்னான்.

“செத்துப்போன புள்ளையக் கூண்டுல ஏத்திட்டியே தமிழு.”

“ஏத்தல. அவ கடைசியாப் பேசுனது அதான். நா ஒருத்தியா அத எத்தன நாளைக்கு வச்சிருக்க?”

“எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல.”

அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்க ஆரம்பித்தான். ஜூஸ் கடை வரைக்கும் போனவன் நின்றான். திரும்பி வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக் கேட்டான்.

“அப்பச் சிரிச்சுக்கிட்டா இருந்தா?”

“சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா.”

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே போய்விட்டான். மேட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவன் ஏறுவதையும், ஜன்னலோரம் உட்கார்ந்து துண்டைத் தலையில் போட்டுக்கொள்வதையும் அவள் பார்த்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். அவள் போகவில்லை. அடுத்து நின்றது தேனி பஸ். கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். அவள் அதில் ஏறினாள்.

தேனியில் அந்த டிரையல்ஸ் வைத்த மைதானத்துக்கு வழி கேட்டுக் கேட்டுப் போனாள். ஒரு தடவையாவது அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை. வெறும் மைதானமாகக் கிடக்கும் என்று நினைத்திருந்தாள். ஆனால் அங்கே ஏதோ பள்ளிக்கூடப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. மைக்கில் பெயர்களை வாசித்தார்கள். புழுதிக்குள் கலர் கலராகப் பனியன்கள். கம்பி வேலியின் வெளிப்பக்கம் நிழலே இல்லை. பையைத் தலையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

சுண்ணாம்புக் கோட்டின் மேல் பெண் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்தார்கள். இத்தனை பேரில் முத்துப்பிரியா எந்த இடத்தில் நின்றிருப்பாள் என்று அவள் மனம் தேடியது. விசில் ஊதியதும் எல்லாரும் பாய்ந்தார்கள். உடனே மறுபடி விசில், நீளமாக. விசிலுக்கு முன்பே யாரோ ஒருத்தி பாய்ந்துவிட்டாள் போல. “திரும்பி வாங்க, எல்லாரும் திரும்பி வாங்க,” என்று மைக்கில் கத்தினார்கள். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வேகம் குறைந்து, இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கியபடி கோட்டுக்குத் திரும்பி நடந்தார்கள்.

ஓரத்தில் ஓடியவளுக்கு மட்டும் விசில் கேட்கவில்லை. ஒல்லியான, கறுத்த பிள்ளை. முன்னால் யாருமில்லை, பின்னால் யாருமில்லை. வளைவில் உடம்பைச் சாய்த்துத் திரும்பினாள். பின்னல் அவிழ்ந்து முதுகில் அடித்தது. “ஏம்மா, நில்லு! ஏய், நில்லுன்னா!” மைக் கத்திக்கொண்டே இருந்தது. தமிழ்செல்வி இரண்டு கைகளாலும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் கம்பி சுட்டது. கையை எடுக்கவில்லை. அந்தப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலியான மைதானத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள்.