அப்பாவின் சிடிக்கு ஒரு டிரைவ்

புது லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை என்பது, அப்பாவின் நுரையீரலில் புள்ளி தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அது எவ்வளவு மெலிசு என்று எல்லாரிடமும் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். சுங்கை காடுட் தொழிற்சாலையில் சாமான்களைப் புரட்டிப் புரட்டிக் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. சொந்தக் காசில் வாங்கியதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

அப்பா சன்னாசி ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். இருமல் விடவில்லை என்று போனவருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். பத்து மில்லிமீட்டரில் ஒரு புள்ளி. இந்த வாரம் போனபோது, ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர் அருட்செல்வன்.

"முன்ன எப்பவாச்சும் நெஞ்சு ஸ்கேன் எடுத்திருக்கீங்களா? அதுலயும் இதே புள்ளி இதே அளவுல இருந்தா பயப்பட ஒன்னுமில்ல, ஊசியே வேணாம். வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு அனுப்பிடுங்க."

எடுத்திருந்தோம். ஆறு வருடத்துக்கு முன் லாரி கால்வாயில் இறங்கி, ஸ்டீயரிங் அப்பாவின் நெஞ்சில் இடித்தபோது ஒரு தனியார் கிளினிக்கில் எடுத்து சிடியில் போட்டுக் கொடுத்தார்கள். கிளினிக்கை மூடி மூன்று வருடமாகிறது. சிடி மட்டும் அம்மாவிடம் இருந்தது. எங்கே தெரியுமா? சாமி மேடையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில். அம்மா உறையோடு எடுத்துக் கொடுத்தார். நானும் பிரித்துப் பார்க்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, சிடி வாசிக்கும் டிரைவ் வாங்க அம்பாங்கானில் ஹேமநாதனின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அப்பாவும் கூட வந்தார். "நெஞ்சு என்னோடதுலா, நான் வராம?" என்று சிரித்தார். ஸ்கேன் எடுத்ததிலிருந்து மூன்று வாரமாக இப்படித்தான், எதற்கெடுத்தாலும் கேலி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹேமநாதன் மூன்று டிரைவை மேசையில் வைத்தான். "அக்கா, இது புளூரே. படமெல்லாம் சூப்பரா தெரியும்லா."

"எங்கப்பா நெஞ்சப் பாக்கணும் தம்பி. படம் பாக்க வரல."

அவன் முகம் மாறியது. புளூரேயை உள்ளே வைத்துவிட்டு மெலிசான ஒன்றை எடுத்து லேப்டாப்பில் செருகினான். சிடி சுற்றியது, முனகியது, நின்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடியும் போட்டான். மறுபடியும் அதே முனகல். ஹேமநாதன் சிடியை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, சிடிக்குப் பொட்டு வச்சது யாரு?"

பளபளப்பான பக்கத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மூன்று இடத்தில். பழைய பொட்டுகளைத் துடைத்த கீறல்கள் சுற்றிலும். அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் வப்பேன்" என்றார் அம்மா. "உங்கப்பா உசுரோட வந்ததுக்கு அதுதானே சாட்சி?"

"அந்தப் பக்கத்துலயாம்மா வப்பாங்க?"

"பேரு எழுதுன பக்கம் முதுகு. மின்னுறதுதானே மொகம்? மொகத்துல வக்காம முதுகுலயா பொட்டு வப்பாங்க?"

போனை வைத்துவிட்டேன். அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஹேமநாதன் ஈரத் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுத்து இழுத்துத் துடைத்தான். வட்டமாகத் துடைத்தால் இன்னும் கெடுமாம். மெலிசு டிரைவ் இப்போது அப்பாவின் பெயரை மட்டும் திரையில் காட்டிவிட்டு மறுபடி திணறியது. கடைசியாக இருந்தது தடித்த, அழகில்லாத டிரைவ். இரண்டு வயர் உள்ளது. "இது கரன்ட் அதிகமா இழுக்கும், மெதுவா வாசிக்கும், ஆனா விடாதுக்கா" என்றான். என் லேப்டாப்பில் அதைச் செருக ஓட்டை பொருந்தவில்லை. அதற்கொரு இணைப்பானைத் தேடி எடுத்து மாட்டினான்.

அது சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. ஒவ்வொரு படமாக லேப்டாப்பில் இறங்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் தீர்ந்துபோனது. கடையிலிருந்தே டாக்டருக்கு அனுப்பினேன். டிரைவையும் வாங்கிக்கொண்டேன். எனக்கு இனி அது வேண்டாம்தான், ஆனால் அதை அங்கே விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

மறுநாளும் லீவுதான். மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது டாக்டர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அதே புள்ளிதான் மாதவி. அதே எடம், அதே பத்து மில்லிமீட்டர். ஆறு வருஷமா அசையல. பழைய தழும்புதான். ஊசி வேணாம். அப்பாவ இருமலுக்கு மட்டும் மருந்து சாப்பிடச் சொல்லுங்க."

அப்பாடா என்று இருந்தது. மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா இப்போதும் ஏதாவது கேலி சொல்வார் என்று பார்த்தேன். அவர் சோற்றுத் தட்டைப் பார்த்தபடி இருந்தார். பிசைந்த கை நின்றிருந்தது.

"ரொம்பப் பயந்துட்டேன் புள்ள" என்றார்.