நகர்த்தாத சீட்டு

சிவசாமி ஆறடி உயரம். மகள் தர்ஷினி அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். அந்த மகள் விட்டுப்போன சின்னக் காருக்குள் மனிதர் தினமும் காலையில் ஏறி உட்காரும் அழகைப் பார்க்க வேண்டுமே! முட்டி இரண்டும் ஸ்டேரிங்கில் இடிக்கும், உச்சந்தலை கூரையைத் தொடும். சீட்டைப் பின்னால் தள்ளினால் தீர்ந்தது. தள்ளமாட்டார்.

அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் புறப்பட்ட அன்று தர்ஷினி சாவியை அவர் கையில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனாள்: "டெய்லி ஸ்டார்ட் பண்ணி வைங்கப்பா. சீட்ட மட்டும் நகத்தாதீங்க லா, எனக்குத் திரும்ப செட் பண்ண வராது. வந்ததும் எடுத்துக்கிறேன்."

'வந்ததும்' என்ற அந்த ஒரு சொல்லைத்தான் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒப்பந்தம் இரண்டு வருடம் என்றாள். அது முடிந்து இன்னொன்றும் தொடங்கிவிட்டது. வருவாயா என்று கேட்க ஆசைதான். பதில் வேறாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வாயைக் கட்டிப்போட்டது. போனில் குளிரா, சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டு, காரைப் பற்றி "காடி நல்லா இருக்கும்மா" என்று முடித்துக்கொள்வார். ஃபேக்டரியில் காவல் வேலைக்கு அவர் போவதும் வருவதும் பழைய மோட்டார் சைக்கிளில்தான்.

"காய்கறி வாங்கப் பசாருக்குப் போக நான் பக்கத்து வீட்டுக்காரிய கெஞ்சணும். நீங்க காடிக்குள்ள உக்காந்து தியானம் பண்ணுங்க," என்பாள் மனைவி கமலவேணி. அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

அன்று காலை ஸ்டார்ட் செய்ததும் கார் உடம்பெல்லாம் உதறியது. எஞ்சின் விட்டுவிட்டு இருமியது. ஸ்டேரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது. மகள் நம்பிக் கொடுத்த ஒரே பொருள்! சிவசாமி மடங்கிய காலோடு, பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடிக்க, பாயா ரும்புட்டில் மெக்கானிக் காந்தன் வைத்திருக்கும் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

காந்தன் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று காட்டியது. அதற்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதன் காயிலை இங்கே போட்டு, மறுபடி ஓடவிட்டான்.

"காயில்ல கோளாறுன்னா, கோளாறும் அது கூடவே மூணாவதுக்குப் போயிருக்கணும் அண்ணே. போகல, ரெண்டுலயே நிக்குது," என்றவன் பிளக்கைக் கழற்றினான். அடுப்புக்கரி போல அப்படி ஒரு கறுப்பு. "டெய்லி எவ்ளோ நேரம் ஓட விடுவீங்க?"

"கொஞ்ச நேரந்தான். பெட்ரோல் வீணாப் போவுமே."

"ரோட்டுல எடுக்கறதே இல்லையா?"

"அது மக காடி."

காந்தன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "எஞ்சின் சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணிட்டா கரிதான் புடிக்கும். காடியில வேற நோவு இல்ல. பிளக்கு மாத்தித் தரேன். ஆனா ஹைவேல நல்லா ஓட்டணும். இல்லாட்டி மறுபடியும் இதே கதைதான்."

சாயங்காலம் சிவசாமி காரை எடுக்கப் போனார். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டேன், லைட்டு வரல," என்று காந்தன் சாவியை நீட்டினான். கதவைத் திறந்தவருக்குப் பகீரென்றது. சீட்டு கடைசி வரைக்கும் பின்னால் தள்ளியிருந்தது.

தரையில் குத்தவைத்து, சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியை இழுத்துச் சீட்டை முன்னால் தள்ளினார். ஏறி உட்கார்ந்து பார்த்தார். ரொம்ப நெருக்கம். இறங்கி, சீட்டு நகரும் தடத்தில் ஒரு பல் பின்னால் தள்ளினார். இதுவா? இன்னும் ஒன்றா? இத்தனை நாள் பார்த்த இடம், இப்போது நினைவில் நிற்கவில்லை. காந்தன் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தான். கடைசியில் சீட்டை அவன் தள்ளிய இடத்திலேயே விட்டுவிட்டு, அவன் சொன்னபடி ஹைவேக்குப் போனார். எஞ்சின் வெண்ணெயாக ஓடியது. அலோர் காஜா ஊர்வரை போய்த் திரும்பும் வழியில், ஓய்வெடுக்கும் இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு மகளை அழைத்தார்.

"பிளக்குல கரி புடிச்சிடுச்சும்மா. சரியாப் போச்சு. ஆனா பட்டறைல சீட்ட நகத்திட்டாங்க. எத்தனாவது பல்லுல வச்சிருந்தே? சொல்லு, வச்சிடறேன்."

"நான் போனதுலேர்ந்து நகத்தவே இல்லையாப்பா?"

"நீதானம்மா நகத்தாதீங்கன்னே."

"அப்ப எப்படி உள்ள உக்காந்தீங்க?"

"கால மடக்கிக்கிட்டு."

"முட்டி இடிக்கலையா?"

"கொஞ்சம்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இத்தனை காலம் அவர் அடக்கி வைத்திருந்த கேள்வி வாய் தவறி வந்துவிட்டது. "வருவேதானேம்மா?"

அவள் சொன்னாள்: "நல்லா பின்னாடி தள்ளி வச்சிக்குங்கப்பா. கால நீட்டி உக்காந்து ஓட்டுங்க. அம்மாவ பசாருக்குக் கூட்டிட்டுப் போங்க."

கேட்டதற்கு அதுதான் பதில் என்று அவருக்குப் புரிந்தது.

"சரிம்மா. சாப்பிட்டியா?" என்றார்.

போனை வைத்துவிட்டு எஞ்சினை முடுக்கினார். உதறல் இல்லை. மஞ்சள் விளக்கும் அணைந்தே இருந்தது. இடிக்காத முட்டியை ஒரு கையால் தடவிக்கொண்டே வீட்டுக்கு ஓட்டினார்.